கலங்கிய நீர்

மழைக்காட்டைக் கரும்பலகையிற் பல்லாண்டு கற்பித்தவன் நான். யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக ஏற்ற சிங்கராஜ வனத்தினருகே மாணவர்களுடன் பாசறை அமைத்தபோதுதான், அத்தகைய காட்டினுள் முதன்முதல் அடிவைத்தேன்.

அட்டை கடித்த இடங்களில் இரத்தம் உறைய மறுத்தது. அது அட்டையின் உமிழ்நீர்க் குணமென விளக்கிக்கொண்டே நடந்தேன்.

காலையில் நாம் கடந்த ஓடை முழங்காலளவே. மாலையில் திரும்புகையில் அது செந்நிறங் கொண்டிருந்தது. அஞ்சாதவன்போல் இறங்கினேன்.

“சேர், தண்ணீர் கலங்கிவிட்டது, மேலே பெருமழை. பொறுத்துப் போவோம்” என்று என் கையைப் பற்றினான் ஒருவன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. என் புவியியற் பாடத்திற் சித்தியெய்தாதவன்.

கரையேறினேன். சற்றைக்கெல்லாம் வெள்ளம் மரக்கிளைகளை உருட்டிச் சென்றது.

அன்றிரவு நீரின் நிறம், ஓசை, நுரை பற்றி அவன் சொல்ல, மாணவரிடையே அமர்ந்து கேட்டேன். சென்ற தவணை அவனுக்கு நானிட்ட புள்ளிகளை எண்ணி நெஞ்சு கூசிற்று.