பழைய பிக்கப் வண்டி கிளம்பாவிடில் செய்ய வேண்டுவன

காய்கறிப் பயிர் செய்வோர்க்கு அறுவடையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மாலையில் பறித்த தக்காளியும் கத்தரியும் மறுநாள் விடியுமுன் சந்தையை அடைந்தாலன்றி உரிய விலை கிடைப்பதரிது. நான்கு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி எட்டு மணி வரையில் களத்துமேட்டிலேயே நின்றுவிடுமாயின், பல மாதத்து உழைப்பின் பயனில் ஒரு பகுதி அன்றைக்கே வீணாகும். பல்லாண்டு உழைத்த டீசல் பிக்கப் வண்டிகளை வைத்திருப்போர் இதனை நன்கு அறிவர்.

இத்தகைய சமயங்களில் பலரும் முதலில் செய்வது புதிய பாட்டரி வாங்குவதேயாகும். அதனாலும் குறை தீராவிடில் செல்ப் மோட்டாரைக் கழற்றுகின்றனர். ஆனால் பழைய வண்டிகளில் பல சமயம் குறை இவ்விரண்டிலும் இருப்பதில்லை; இவற்றை இணைக்கும் கம்பிகளின் முனைகளிலேயே இருக்கின்றது. ஆதலின், அளந்து பாராமல் எதனையும் விலை கொடுத்து வாங்கலாகாது. ஒரு மல்டிமீட்டரும், இரண்டொரு ஸ்பானர்களும், உப்புத்தாளும் இருப்பின் இச்சோதனைகளை விவசாயி தாமே செய்துகொள்ளலாம்.

விளக்கு எரிவது போதிய சான்றன்று

“விளக்கு நன்றாக எரிகின்றது, ஆகவே இணைப்பில் குறையில்லை” என்று கருதுவது தவறு. மடையில் அடைப்பிருப்பினும் சிறிது நீர் கசிந்து ஓடும். வயல் முழுவதும் பாய வேண்டிய நீர் ஓடாது. விளக்குகளுக்குச் சில ஆம்பியர் மின்சாரமே போதும். செல்ப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுவதற்கோ 200 ஆம்பியர் அளவும் அதற்கு மேலும் வேண்டும். இணைப்பில் 0.01 ஓம் தடை மட்டும் இருப்பினும், 5 ஆம்பியர் ஓடும்பொழுது இழப்பு 0.05 வோல்ட்டேயாகும், 200 ஆம்பியர் ஓடும்பொழுதோ 2 வோல்ட் வீணாகும். 12 வோல்ட் பாட்டரியில் இது பெருநஷ்டமாகும்.

ஓசையைக் கவனித்தல்

சாவியைத் திருப்பியதும் ‘டக டக’ என்று அடுத்தடுத்து ஒலித்தால், பாட்டரி இறங்கியிருக்கலாம்; அன்றேல் இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஒரேயொரு ‘டக்’ ஒலியோடு நின்றுவிட்டால், இணைப்பையும் செல்ப் மோட்டாரின் சொலினாய்டையும் சோதித்தல் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றாவிடில், பாட்டரியைக் குறை கூறுதல் பயனற்றது. டீசல் வரும் வழியையும் ஹீட்டர் பிளக்குகளையும் பார்த்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை

முதலாவது, இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருப்பின் அது நிறைந்தது, 12.2 இருப்பின் ஏறக்குறையப் பாதியே உள்ளது, 12.0-க்குக் கீழிருப்பின் முதலில் சார்ஜ் ஏற்றிய பின்னரே மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும். நிறைந்த பாட்டரி, எஞ்சினைச் சுழற்றும்பொழுது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் வலிமை குன்றியிருத்தல் கூடும்.

இரண்டாவது சோதனையே முக்கியமானது. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சின் பற்றாதபடி டீசலை நிறுத்திக்கொள்க. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனை ஈயக் குமிழிலேயே வைக்க. அதன் மேலுள்ள பிடியில் வைக்கலாகாது. மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்து, மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் செய்க. மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் குறையுண்டு. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் இருப்பதால், அதனைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தால் செல்ப் மோட்டாருக்கு மின்சாரம் போதாது. இவ்வாறே, பாட்டரியின் நேர்முனைக் குமிழுக்கும் செல்ப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையிலும் அளத்தல் வேண்டும்.

குறை கண்ட முனையைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக முடுக்கி, வாஸ்லின் தடவுக. சோடா நீர் பாட்டரியின் உள்ளே புகலாகாது. கழற்றும்பொழுது எதிர்முனையை முதலிலும், மாட்டும்பொழுது அதனை இறுதியிலும் கையாளுக. இணைப்புகளும் பாட்டரியும் செவ்வையாயிருந்தும், சொலினாய்டின் மெல்லிய கம்பிக்குச் சாவியிலிருந்து மின்சாரம் வந்தும், மோட்டார் சுழலாவிடில் மட்டுமே அதனைப் பட்டறைக்கு அனுப்புக.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்பொழுது பாட்டரியை அளக்க. பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 13-க்குக் கீழிருப்பின் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டையும் இணைப்புகளையும் பார்க்க. 15-க்கு மேலிருப்பின் ரெகுலேட்டர் கெட்டிருக்கும். அதனைக் கவனியாது புதிய பாட்டரி வைத்தால் அதுவும் விரைவில் கெடும்.

எஞ்சின் சுழன்றும் பற்றாவிடில்

பல டீசல் பம்புகளில், சாவி திறந்திருக்கும் வரையில் மின்சாரம் பெற்று டீசலுக்கு வழிவிடும் சொலினாய்டு ஒன்றுண்டு. அதன் கம்பியில் 12 வோல்ட் வராவிடில் பியூசைப் பார்க்க. குளிர்ந்த விடியலில் மட்டும் தொல்லை தருமாயின் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க. கம்பியை நீக்கித் தடையை அளந்தால் நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். எரிந்துபோனது மின்சாரத்தையே விடாது.

எச்சரிக்கை

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றி வெடிக்கும். அருகில் பீடி, தீக்குச்சி, தீப்பொறி ஆகா. எஞ்சின் ஓடும்பொழுது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் ஆல்டர்னேட்டரைக் கெடுக்கும். வண்டி கியரில் இருக்க, ஸ்குரூ டிரைவரால் செல்ப் மோட்டாரின் முனைகளை இணைத்தால், வண்டி பாய்ந்து முன்னிருப்போர் உயிரையும் போக்கிவிடும்.

மாதமொரு முறை பாட்டரியை அளந்து, கண்ட எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவோர், வண்டி நின்றுவிடுமுன்னரே அதன் தளர்ச்சியை அறிந்துகொள்ளலாம். அறுவடைக் காலம் தொடங்குமுன் எர்த் பட்டையைக் கழற்றித் துடைப்பதற்கு அரை மணி நேரம் போதும். விவசாயிகள் இம்முறைகளைக் கையாண்டு, வீண் செலவின்றித் தம் விளைபொருளை உரிய வேளையில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பார்களாக.