ஆஸ்பத்திரிகளில் காரியமுறை திருந்த வேண்டும்

சர்க்கார் ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கட்டடம் போதாது, டாக்டர்கள் போதாது, பணம் போதாது என்ற மூன்று குறைகளே நம் நாட்டில் கூறப்படுகின்றன. மூன்றும் மெய்யே. ஆனால் நான்காவது குறை ஒன்றும் உண்டு. அது வேலை நடக்கும் முறையைப் பற்றியது. ஒரு காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, ஒரு செய்தி யாரிடம் சேராமல் நின்றுவிடுகிறது என்பதை விசாரிப்பார் இல்லை. விருதுநகர் ஜில்லாவில் 2018-ம் வருஷத்தில் நேர்ந்த கொடுமை இந்த நான்காவது குறையின் பலனேயாகும்.

அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் செலுத்தப்பட்டது. சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அதைக் கொடுத்த வாலிபர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தவர். கிருமி இருப்பது அப்போதே தெரிந்தும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. இரண்டு வருஷங்களுக்குப் பின் உறவினர் ஒருவருக்காக அவர் மறுபடி வந்தபோது பழைய பதிவும் அவரைத் தடுக்கவில்லை. புதிய பரிசோதனையும் தடுக்கவில்லை. வெளியிடத்தில் சோதித்துத் தம் நோயை அறிந்த அவர், தாமே முன்வந்து சொன்னதனால்தான் விஷயம் வெளிப்பட்டது. துயரம் தாளாத அவ்வாலிபர் அம்மாதம் முடியுமுன் மாண்டார். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2019-ல் அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. கோர்ட்டுகள் செய்யக்கூடியது அவ்வளவே. உடம்பில் ஏறிய கிருமியை எந்தத் தீர்ப்பும் இறக்கிவிடாது.

பரிசோதனைக்கூட ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. குற்றத்திற்குத் தண்டனை அவசியமே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு மனிதனுடைய மறதியோ அசட்டையோ ஓர் உயிரைக் குலைத்துவிடும்படி முறையை அமைத்தவர் யார்? ஒருவர் தவறினால் அடுத்தவர் கண்டுபிடிக்கும்படி வேலை அமைந்திருக்க வேண்டாமா?

இதே ஜில்லாவின் வெடி விபத்துக்களை எடுத்துக்கொள்வோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் பட்டாசுத் தொழிலாளிகள் கொத்துக் கொத்தாக மாண்டதை நாடு மறந்திராது. கடுமையாக வெந்தவர் சிவகாசியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் கடந்து மதுரைக்குக் கொண்டு போகப்படுவது வழக்கம். இவர்களுக்கு ஏற்ற வேண்டிய திரவத்தின் அளவை, உடம்பில் எத்தனை பாகம் வெந்தது என்பதைக் கொண்டு டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். முதல் 24 மணிக்குரிய அளவில் பாதியை, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணிக்குள் செலுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் விதி. கடிகாரம் ஓடத் தொடங்குவது தொழிற்சாலையில். ஆஸ்பத்திரி வாசலில் அல்ல. தீப்பட்ட நேரமும், வழியில் ஏற்றிய அளவும் எழுதிய சீட்டு ஒன்று நோயாளியோடு வராவிடில் மதுரை டாக்டர் எதைக் கொண்டு கணக்கிடுவார்? ஒரு துண்டுச் சீட்டின் விலை இங்கே ஓர் உயிர்.

இத்தகைய சீட்டு தவறாமல் செல்வது எளிதன்று. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஓர் இயக்குநரின் கீழும், தாலுகா ஆஸ்பத்திரிகள் வேறோர் இயக்குநரின் கீழும், 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் மருத்துவக் கல்லூரி மூன்றாமவர் கீழும், தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இன்னொரு நிர்வாகத்தின் கீழும் உள்ளன. நோயாளியின் உடம்பு ஒன்று; அதிகாரிகளோ நால்வர்.

அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் ஹாம்மர் 1990-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். பழைய முறையின் மேல் கம்ப்யூட்டரை ஏற்றி வைப்பதால் பயனில்லை. வேண்டாத முறையை அழித்துவிட்டு வேலையையே புதிதாக அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வியாபாரக் கம்பெனிகளுக்குச் சொன்னது சர்க்காருக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. மருந்துகளை அது மொத்தமாக வாங்கியது; ஜில்லாக்களில் கிடங்குகள் வைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக் கணக்குப் போல் ஒரு பாஸ் புத்தகம் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை அவர்களே எடுத்துக்கொள்ளச் செய்தது. மருந்து மாதிரிகள் தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டுச் சோதனைக்குச் சென்றன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. முறை மட்டுமே மாறியது. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானமும் இவ்வழியைப் பின்பற்றின.

மருந்துக்குச் செய்ததை ரத்தத்துக்கும் நோயாளிக்கும் செய்ய என்ன தடை? திட்டம் சென்னையில் எழுதப்பட்டு ஜில்லாவுக்கு இறங்கி வரலாகாது. முதலில் ஒரு புட்டி ரத்தம் கொடுப்பவரிடமிருந்து பெறுபவர் வரை போகும் வழியை, அந்த வழியில் நிற்கும் நர்ஸும் பரிசோதனைக்கூட ஊழியரும் சிப்பந்தியும் உட்கார்ந்து படியாக வரையட்டும். செய்தி எங்கெங்கே நிற்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும். பயனற்ற படிகளை நீக்கி, அவசியமான இடத்தில் இரண்டாவது கண்ணை வைக்கட்டும். கிருமி கண்ட செய்தியை உரியவரிடம் ரகசியமாகச் சேர்ப்பிக்க ஒருவரைப் பொறுப்பாளியாக்கட்டும். நால்வர் நிர்வாகத்துக்கும் பொதுவாக ஒரே மாற்றுச் சீட்டு ஏற்படட்டும். கம்ப்யூட்டர் இவற்றுக்குப் பின் வரட்டும். ஒரு வருஷம் ஒரு ஜில்லாவில் நடத்திப் பார்த்து, பலனை நல்லதும் கெட்டதுமாக ஜனங்களுக்கு வெளியிடட்டும்.

இதற்கும் செலவு உண்டு. ஆள் குறைப்புக்கு இதை ஒரு சாக்காகக் கொள்வாராயின் உள்ளதும் கெடும். ஒரே ஊழியர் தலையில் மூவர் வேலையைச் சுமத்திவிட்டுப் பிழை வந்தது என்று அவரைத் தண்டிப்பது நிர்வாகமாகாது.

அன்னியர் ஆண்ட காலத்தில் பழியை அவர்கள்மேல் போடலாம். 1947-க்குப் பிறகு அந்த வசதி நமக்கில்லை. காமராஜர் பிறந்த ஜில்லாவிலிருந்தே இந்தச் சீர்திருத்தம் தொடங்கட்டும். சாத்தூர்த் தாய்க்கு நாடு பட்ட கடன் நஷ்டஈட்டோடு தீர்ந்துவிடவில்லை. இன்னொரு தாய்க்கு அக்கதி நேராதபடி செய்யும்போதுதான் அது தீரும்.