பிரசவ விடுப்பு முடியப்போகிறதா? வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் முன்பே பேச வேண்டியவை!

பிரசவ விடுப்பு 26 வாரம் என்பது இன்று பலருக்கும் தெரியும். அது முடிந்த மறுநாள் காலை என்ன செய்வது என்பதைத்தான் பல வீடுகளில் யாரும் பேசுவதில்லை. வளைகாப்புக்கு எத்தனை வகை சாதம் என்பது ஒரு மாதம் முன்பே முடிவாகிவிடும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதோ, 'எப்போ ஜாயின் பண்றீங்க?' என்று ஆபீஸிலிருந்து போன் வந்த பிறகுதான் பேச்சுக்கே வரும்.

அந்தப் பதற்றத்தில்தான் 'கொஞ்ச நாளைக்கு வேலையை விட்டுடேன்' என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நாள் என்று விட்ட வேலை, குழந்தை எல்.கே.ஜி. போகும்வரை நீண்டுவிடும். அதன்பின் பழைய சம்பளத்தில் வேலை தேடுவது அத்தனை சுலபமில்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது?

1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி முழுதாக எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு 18 வாரம்தான் ஆகியிருக்கும். நான்கு மாதம் தாண்டிய குழந்தை! ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதம் இடிக்கிறது. உடல்நிலை இடம்கொடுத்து, டாக்டரும் சரி என்றால், பிரசவத்துக்கு முன் எடுக்கும் நாள்களைக் குறைத்துக்கொள்வது இந்த இடைவெளியைச் சுருக்கும். தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2021 முதல் அவர்களுக்கு 12 மாத விடுப்பு உண்டு.

இன்னொரு விஷயம். கையில் இருக்கும் கேஷுவல் லீவு, ஈட்டிய விடுப்பு எல்லாவற்றையும் பிரசவ விடுப்போடு சேர்த்து எடுத்துவிடுபவர்கள் அதிகம். குழந்தையோடு இன்னும் பத்து நாள் இருக்கலாமே என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் காப்பகத்தில் சேர்ந்த முதல் சில மாதங்களில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். அப்போது கணக்கில் ஒரு நாள் லீவுகூட இருக்காது.

ஆபீஸில் கேட்க வேண்டியது

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்கிறது 2017 திருத்தம். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் இந்த 50. அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளைகள் தனி. வேலைக்குச் சேரும்போதே இதையெல்லாம் எழுத்து மூலம் தெரிவிப்பதும் நிறுவனத்தின் கடமை. 'எங்க ஆபீஸ்ல அதெல்லாம் கிடையாது' என்று ஹெச்.ஆர். சொன்னால், அது சலுகையை மறுப்பது அல்ல, சட்டத்தை மீறுவது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இடம்பெற்றிருக்கின்றன.

ஜவுளிக்கடையில், பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு வேறு பயம். 'ஆறு மாதச் சம்பளத்தை முதலாளி கொடுப்பாரா?' மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அந்தப் பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. நிறுவனம். முதலாளி கையிலிருந்து போவதில்லை. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் குறைந்தது 70 நாள்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

பால் எடுத்து வைப்பவர்களுக்கு

பிழிந்தெடுத்த தாய்ப்பால் அறை வெப்பநிலையில் 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். அந்த 'அறை' 25 டிகிரி அறை. சித்திரை மாதச் சென்னைக்கு அது பொருந்தாது. அதனால் ஐஸ் பேக் வைத்த கூலர் பை நல்லது. ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி வையுங்கள். கொடுப்பதற்கு முன் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும், மைக்ரோவேவ் கூடாது. பால் எடுக்க ஆபீஸ் கழிப்பறைதான் இடம் என்றால், தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்குங்கள். கழிப்பறையில் யாரும் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லையே!

பாட்டி என்னும் காப்பகம்

சட்டம் என்ன சொன்னாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலை எட்டரை மணி பஸ்ஸில் ஆபீஸ் காப்பகத்துக்குப் போவது நடக்கிற காரியமா? அதனால்தான் இன்றும் பெரும்பாலான வீடுகளில் காப்பகம் என்றால் அம்மாவும் மாமியாரும்தான். மூட்டுவலியும் பி.பி. மாத்திரையுமாக இருக்கும் 60 வயதுப் பெண்மணிக்கு, தவழும் குழந்தையோடு பத்து மணி நேரம் என்பது கடினமான வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. பகலில் சில மணி நேரமாவது ஓர் உதவியாளரை வைத்துக்கொடுத்தால் பாட்டி சற்றுக் காலை நீட்டலாம். ஞாயிற்றுக்கிழமையாவது அவரைக் கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ அனுப்பிவிட்டு, குழந்தையைப் பெற்றவர்கள் இருவரும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிக்காப்பகம் என்றால், சேர்ப்பதற்கு முன் சொல்லாமல் ஒரு மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள், ஓர் ஆயாவிடம் எத்தனை பேர், டயப்பர் எப்போது மாற்றினார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பழக்கிவிட்டால் குழந்தையின் அழுகை குறையும், அம்மாவின் அழுகையும்தான். முடிந்தால் திங்கள்கிழமைக்குப் பதில் புதன்கிழமை வேலைக்குச் சேருங்கள். மூன்றே நாளில் வார இறுதி வந்துவிடும்.

காய்ச்சல் வந்தால் யார் லீவு?

மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறை அப்பாக்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அவர்களுக்கும் கேஷுவல் லீவு இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தெர்மாமீட்டர் 101 காட்டும்போது, 'எனக்கு இன்னைக்கு முக்கியமான மீட்டிங்' என்ற வசனத்தை முதலில் யார் சொல்வது என்ற போட்டி வேண்டாம். இந்த முறை அம்மா என்றால் அடுத்த முறை அப்பா என்று, குழந்தை நன்றாக இருக்கும் ஒரு நாளில் பேசி, சமையலறை காலண்டரில் குறித்து வைத்துவிடலாம்.