குடித்தது ரோஸ்மில்க்... ஓட்டுவது 'குடிபோதை'யில்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் முகூர்த்த நாள் வந்துவிட்டால் மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதல் நாள் மாலை ரிசப்ஷன். மறுநாள் விடியற்காலை தாலிகட்டு. இரண்டுக்கும் தலை காட்டாவிட்டால் சொந்தக்காரர்கள் முகம் கோணும்!

அது முடிந்த கையோடு தொழிற்பேட்டை ஷிப்டு. கடைக்காரர் ஷட்டரைத் தூக்க வேண்டும். குமாஸ்தா மின்சார ரெயிலைப் பிடிக்க வேண்டும். "ரெண்டு காபி குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது. மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் வேகம் இரவு 10 மணிக்கும் பாதி உடம்பில் நிற்கும். வருகிற தூக்கமும் போச்சு!

17 மணி நேரம்

1997-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர்களைப் போலத் தடுமாறின. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டி வண்டி ஓட்டினாலே வழக்கு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழுந்தவர், ரிசப்ஷன் முடிந்து இரவு 11 மணிக்கு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர் விடுகிறார். பின்னால் மனைவி, முன்னால் குழந்தை. குடித்தது ரோஸ்மில்க்தான். ஊதச் சொன்னாலும் கருவி ஒன்றும் காட்டாது.

முன்பெல்லாம் மண்டபத்திலேயே ஜமக்காளத்தை விரித்துப் படுத்து, முகூர்த்தம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். கொசு கடித்தாலும் அது எவ்வளவோ மேல்.

மறுநாள் பகலில் 20 நிமிடம் கண்ணசந்தால் தெம்பு வரும். 2 மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கினால் தலை கனக்கும், ராத்தூக்கமும் கெடும்.

அம்மாவுக்கு?

இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம். வீடு திரும்பியதும் அவர் பேனுக்கு அடியில் சாய்கிறார். அம்மா பட்டுப்புடவையை உலர்த்திவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறாள். ராத்திரிக்கு ரசமாவது வேண்டுமே!

இதற்கு அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. கட்டுசாதம்! மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் புறப்படும்போது, பெண் வீட்டார் புளியோதரையும் தயிர்சாதமும் கூடையில் கட்டிக் கொடுப்பார்கள். அன்று அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. இன்னும் சில வீடுகளில் அது நடக்கிறது. மற்றவர்கள் கைக்கு வருவது தாம்பூலப் பை. அதில் ஒரு தேங்காய். துருவ வேண்டியதும் அம்மாதான்! அன்றைக்கு ஒரு வேளை ஓட்டல் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தால் யாருடைய கவுரவமும் குறைந்துவிடாது.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டும். தெருவில் கூழ் ஊற்ற வேண்டும். அந்தக் கூழ்ப் பானையைக் கழுவப் போவதும் யார் என்று கேட்கவா வேண்டும்?