வீதி கிண்டப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 2016 செப்டெம்பரில் பொப்லெநௌ பகுதியின் வீதிகள் திடீரென மாறின. ஒன்பது குடியிருப்புத் தொகுதிகளை ஒன்றாக்கிய மாநகர சபை, அவற்றின் நடுவால் ஊடறுத்துச் செல்லும் வாகனங்களைத் தடுத்தது. உள்ளே வரும் வாகனங்களுக்கு மணிக்கு 10 கிலோமீற்றர்தான் வேகம். சந்திகளில் வர்ணம் பூசி, பழைய ரயர்களையும் பூச்சாடிகளையும் வைத்தார்கள்.

நோக்கம் நல்லது: குறைந்த புகை, குறைந்த இரைச்சல், பிள்ளைகள் விளையாட இடம். ஆனாலும் எதிர்ப்புப் பதாகைகள் எழுந்தன. சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, வாகனம் நிறுத்த இடமில்லை என்றார்கள். அதைவிட, தங்களிடம் முறையாகக் கேட்கவில்லை என்பதே பலரின் கோபம்.

திட்டம் பிழைத்ததற்கு ஒரு காரணம், முதலில் போட்டது கொங்கிறீற் இல்லை என்பது. வர்ணத்தை அழிக்கலாம், பூச்சாடியை நகர்த்தலாம். குடியிருப்பாளர்களுடன் பேசிய பின்னர் விளையாட்டிடங்களும் மேசைகளும் சேர்க்கப்பட்டன.

பொது உடன்பாடு என்றால் எல்லோரும் கைதட்டுவது என்று பொருளல்ல. வரைபடம் தயாராகும் முன்பே, வீதியில் என்ன பிரச்சினை என்று மக்களிடம் கேட்பது. யாருக்கு நட்டம் என்று பார்ப்பது: நடைபாதை வியாபாரி, முச்சக்கர வண்டி ஓட்டுநர், சக்கர நாற்காலியில் செல்பவர். பரீட்சார்த்தமாகச் செய்து பார்ப்பது. சரிவராவிட்டால் மாற்றுவோம் என்று முன்கூட்டியே சொல்வது.

எங்கள் ஊர்களில் இது இன்னும் கூர்மையான விடயம். மூடப்பட்ட வீதிகளையும் முட்கம்பி வேலிக்குள் போன காணிகளையும் கண்ட மக்களுக்கு, வீதியோரத்தில் அடிக்கப்படும் அளவைக்கட்டை வெறும் கட்டையாகத் தெரியாது. இங்கே நம்பிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், வீதி யாருடையது என்று அறியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. உள்ளூர் வீதிகளில் பெரும்பாலானவை மாநகர, நகர, பிரதேச சபைகளின் பொறுப்பு. பிரதேச சபையிடம் போய் ஏ தர வீதி பற்றி முறையிட்டால் நாட்கள்தான் வீணாகும்.

அடுத்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வீதியின் அகலம் எவ்வளவு, யாருடைய மதில் உடைபடும், பஸ் தரிப்பிடம் எங்கே போகும் என்று பாருங்கள்.

வரைபடத்தைக் கடையிலோ வாசிகசாலையிலோ ஒட்டி, அயலவர்களைக் கூட்டிப் பேசுங்கள். தார் ஊற்றிய பிறகு நடக்கும் கூட்டத்தில் மாற்றுவதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.