நின்று நின்று ஓடலாமா, நிற்காமல் ஓடலாமா?

போன வருஷம் ஆடி மாதம் குடும்பத்தோடு திருச்சி மலைக்கோட்டைக்குப் போயிருந்தோம். தாயுமானவர் சந்நிதி வரை எப்படியோ வந்துவிட்டேன். அதற்குமேல் மூச்சு முட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயது மாமியார் என்னைத் தாண்டி ஏறிப் போனார். எனக்கு நாற்பத்தைந்துதான்!

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போனேன். ஈ.ஸி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "இருதயத்தில் கோளாறு இல்லையம்மா. பழக்கம்தான் போதாது. நடங்கள், பிறகு மெல்ல ஓடுங்கள்" என்றார். "நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே டாக்டர்?" என்றேன். "அதில் உடம்பு களைக்கும், மூச்சு வாங்காதே!" என்று சிரித்தார்.

கல்லூரியில் பந்தயம் ஓடும் என் பையனிடம் யோசனை கேட்டேன். "இன்டர்வல்தாம்மா பெஸ்ட். வேகமா ஓடு, கொஞ்சம் நட, மறுபடி வேகமா ஓடு" என்றான். முதல் நாளே ஆரம்பித்தேன். நாலாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அப்படி ஒரு வலி! மூன்று வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை.

பையன் சொன்னது தப்பா? தப்பில்லை. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக், 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடி, நடுவில் மெதுவாக ஓடி இளைப்பாறிப் பழகியவர். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். நார்வேயில் நடந்து 2007-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றும் இதற்குச் சாதகம்தான். இளைஞர்கள் 8 வாரம், வாரத்துக்கு 3 நாள் ஓடினார்கள். 4 நிமிஷ வேக ஓட்டத்தை 4 தடவை, நடுவே 3 நிமிஷம் மெதுவாக என்று ஓடியவர்களுக்கு, உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் 7 சதவிகிதம் போலக் கூடியது. அதே அளவு உழைப்பை ஒரே சீராக ஓடிச் செய்தவர்களுக்குச் சொல்லும்படியாகக் கூடவில்லை. இடையில் இளைப்பாறுவதால், இருதயம் முழு வேகத்தில் வேலை செய்கிற நிமிஷங்கள் மொத்தத்தில் அதிகமாகின்றன. அதுதான் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சி பழகியவர்கள். நான்?

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், தம் சீடர்களை முதலில் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் போல நீண்ட தூரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் வேகப் பயிற்சி கொடுப்பார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். சீரான ஓட்டத்தில் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. எலும்பும் தசைநாரும் மெல்ல மெல்லப் பாரம் தாங்கப் பழகுகின்றன. மாவு புளிக்கும் முன் இட்லி ஊற்றினால் கல்லாகத்தானே வரும்?

வலி தீர்ந்ததும் வழியை மாற்றினேன். முதல் எட்டு வாரம், வாரத்துக்கு நாலு நாள் அரைமணி நேரம். முதலில் வேக நடை, போகப் போக மெல்லோட்டம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. ஒன்பதாவது வாரத்திலிருந்து ஒரு நாள் மட்டும் இன்டர்வல். பத்து நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் வேகம், இரண்டு நிமிஷம் நடை என்று நாலு தடவை. மற்ற நாட்களில் பழைய சீரான ஓட்டமேதான். வேக ஓட்டத்துக்கு மறுநாள் ஓய்வு.

ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேகம் கூட்ட வேண்டாம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். டாக்டரைப் பார்க்காமல் மறுபடி ஓடாதீர்கள்.

இந்தத் தை மாதம் மறுபடி மலைக்கோட்டைக்குப் போனோம். வழியில் இரண்டே இடத்தில்தான் நின்றேன். எனக்கு முன்னாலேயே உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வந்துவிட்ட மாமியார் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வந்துட்டியா? வா, சேர்ந்து கும்பிடலாம்."