உங்களுக்குத் தெரியுமா? இன்றைய வரி, 1991 விலை!

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, அந்த வீடு 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்தே இன்றும் முடிவாகிறது. போன மாதம் கட்டிய புது வீட்டுக்கும் இதே கணக்குதான்! வேல்ஸ் 2005-இலேயே புது மதிப்புக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் எந்த அரசும் துணியவில்லை.

இந்த வரிக்கு ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டுப் படிகள். அன்றைய மதிப்பு 40,000 பவுண்டு வரை என்றால் ‘ஏ’. 3,20,000-ஐத் தாண்டினால் ‘எச்’. ஒரே ஊரில் எத்தனை பெரிய மாளிகையானாலும், சின்னஞ்சிறு வீட்டின் வரியைப் போல மூன்று மடங்குதான்.

இதில் அடிபடுவது ஏழை ஊர்கள். அங்கே மலிவான வீடுகளே அதிகம். வரியை ஒரு சதவீதம் உயர்த்தினாலும் கைக்கு வருவது சொற்பம். முதியோர் பராமரிப்பு போன்றவற்றுக்கான தேவையோ அங்குதான் கூடுதல். 2010-க்குப் பிறகு மத்திய அரசின் மானியமும் வெட்டப்பட்டது. விளைவு, மிக அநியாயமானது: வடகிழக்கில் நலிந்த ஹார்ட்டில்பூலில் ‘டி’ படி வீட்டுக்கான வரி, லண்டனின் செல்வச் செழிப்பான வெஸ்ட்மின்ஸ்டரைவிட இரு மடங்குக்கும் மேல்.